படத்தில் இல்லாத தாய்மாமன்

தேனிச் சீமையின் கதை: 23

பெரியாற்றுத் தண்ணீர் 1895இல் கிழக்கே திரும்பிய கதையைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். அதைப் படித்த அல்லிநகரத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அணை எப்படிக் கட்டினார்கள், குத்தகை எப்படிப் போட்டார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டீர்கள். அந்தத் தண்ணீரில் நாற்று நட்ட சனம் வீட்டுக்குள்ளே எப்படி இருந்தது? அந்தக் காலத்துக் குடும்பத்தை யாராவது படமாக வரைந்து வைத்திருக்கிறார்களா?"

வரைந்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பார்க்க அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்துக்குப் போக வேண்டும். அங்கே 1837ஆம் ஆண்டு மதுரையில் தயாரான ஒரு படத்தொகுப்பு இருக்கிறது. 'இந்தியச் சாதிகளின் எழுபத்திரண்டு மாதிரிகள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 72 படங்களும் கையால் வரைந்து வண்ணம் தீட்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறது. முகப்புத் தாளில் தெலுங்கும் உண்டு. தொகுத்தவர், அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் நடத்திய ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பயிற்சி கொடுத்துவந்த நம்மூர் வாத்தியார். பரிசாகப் பெற்றுக்கொண்டவர் வில்லியம் ட்வைனிங் என்ற பாதிரியார்.

அந்த மிஷன் மதுரைக்கு வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து. 1816இல் இலங்கையில் கால்வைத்து, வட்டுக்கோட்டைக் கல்லூரியை நடத்திய டேனியல் பூர்தான் அந்த வருஷங்களில் மதுரையில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் திறந்துகொண்டிருந்தார். அல்லிநகரம் அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்த ஊர். பெரியாறு இன்னும் மேற்கே ஓடிக்கொண்டிருந்த காலம். தொகுப்பில் இருக்கும் எழுபத்திரண்டு வகை மனிதர்களில் பல வகையினர் வைகைக்கு மேல் நம் பள்ளத்தாக்கிலும் இருந்தவர்கள்தான். ஆகவே இது நம் வீட்டு ஆல்பமும்கூட.

எழுபத்திரண்டு என்ற கணக்கைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். மதுரைக்காரனுக்கு அது சும்மா ஒரு எண் இல்லை. விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் வகுத்ததாகச் சொல்லப்படும் பாளையங்கள் 72. மதுரைக் கோட்டைக்குக் கொத்தளங்கள் 72. நம் போடிநாயக்கனூரும் கண்டமனூரும் அந்தப் பாளையக் கணக்கில் வருபவை. மொத்த நாட்டையும் சொல்லிவிட்டேன் என்று காட்ட நினைத்த வாத்தியார், எண்ணிப் பார்த்து 72இல் நிறுத்தினாரா, 72 வரவேண்டும் என்பதற்காக எண்ணினாரா? இரண்டாவது என்றுதான் என் புத்தி சொல்கிறது. சாதிகள் இப்படி வட்டக் கணக்கில் முடிவதில்லை.

இந்தத் தொகுப்பு தனியாக முளைத்ததும் அல்ல. தஞ்சாவூர், திருச்சி, மதுரை, புதுச்சேரி எல்லா இடத்திலும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இந்த வகைப் படங்களுக்கு நல்ல கிராக்கி. தஞ்சாவூரில் மராட்டிய ராஜாக்களுக்குப் படம் எழுதிவந்த மூச்சியர் குடும்பங்கள், துரைமார்கள் கேட்டதால் ஐரோப்பியத் தாளில் நீர்வண்ணம் தொட்டு எழுத ஆரம்பித்தன. பிரெஞ்சுக்காரர் சொன்னெரா 1782இல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் நம் தொழிலாளிகள் செப்புத்தகட்டு அச்சில் வரிசை கட்டி நின்றார்கள். 1827 தொடங்கிப் பாரிஸில் வெளிவந்த 'பிரெஞ்சு இந்தியா' என்ற லித்தோ தொகுப்பிலும் புதுச்சேரிப் பக்கத்து சனங்கள் உண்டு. பெரிய ஆல்பம் வாங்க வசதியில்லாத சிப்பாய்க்குத் திருச்சியில் மைக்காத் தகட்டில் வரைந்த குட்டிப் படங்கள் கிடைத்தன. ஊருக்குப் போகும்போது ஒரு கட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்குக் கம்பெனி ஓவியம் என்று அருங்காட்சியகங்கள் பெயர் வைத்திருப்பது இவற்றுக்குத்தான். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் நிறைய இருக்கின்றன.

இவற்றில் நூற்றுக்கு மேல் பார்த்தவருக்கு ஒரு அச்சு பிடிபட்டுவிடும். ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். காலடியில் புல்லாக ஒரு பச்சைக் கோடு, மேலே வெறும் வானம். வீடு கிடையாது, திண்ணை கிடையாது, அடுப்பு கிடையாது. ஆண் கையில் அவன் தொழிலுக்கு உரிய கருவி: தச்சன் என்றால் உளி, வண்ணான் என்றால் துணி மூட்டை, குயவன் என்றால் பானை. பெண் கையில் கூடையோ செம்போ. சில தாள்களில் அவள் இடுப்பில் ஒரு குழந்தையும் இருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்தபடி, அல்லது பாதி நம்மைப் பார்த்தபடி நிற்பார்கள். தச்சனுக்குப் பதில் கொல்லனை வைத்தாலும் தாள் மாறாது. கருவியும் சேலைக் கட்டும் காதணியும் மட்டும் மாறும்.

வாங்கியவருக்கு வேண்டியது அதுதான். கப்பலேறி வந்த அதிகாரிக்கு இந்த ஊரில் யார் யார் என்று தெரிய வேண்டும். ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். ஒரு சாதிக்கு ஒரு ஆண், ஒரு பெண், ஒரு தொழில் என்று வகுத்துக் கொடுத்தால் கணக்கு சுலபம். முதல் முழு மக்கள்தொகைக் கணக்கு சென்னை மாகாணத்தில் 1871இல் நடப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தாளில் இந்தக் கணக்கெடுப்பு நடந்துவிட்டது. அதில் 'குடும்பம்' என்று ஓவியர் காட்டியது புருஷன் பெண்டாட்டி என்ற ஜோடியை. நம் கொள்ளுத்தாத்தாக்களின் வாழ்க்கையை அதில் தேடுகிறவர் இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் குடும்பம் என்று சொன்னால் யாருக்காவது இந்த ஜோடி மட்டும் நினைவுக்கு வந்திருக்குமா?

வந்திருக்காது. அல்லிநகரத்தில் ஒரு பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்றால் உட்கார மடி வேண்டும். அது அப்பன் மடி இல்லை, தாய்மாமன் மடி. பெண் பெரியவளானால் குடிசை கட்டப் பச்சை ஓலை கொண்டுவர வேண்டியவன் தாய்மாமன். கல்யாணத்துக்கு முதல் உரிமை அவனுக்கு, அல்லது அவன் மகனுக்கு. வீட்டில் சாவு விழுந்தால் பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு வருகிறவனும் அவன்தான். தட்டு தட்டாகச் சீர் வரிசை, கிடாய், கொட்டு, வேட்டி, சேலை என்று ஊர் பார்க்க அவன் தெருவுக்குள் நுழையும்போதுதான் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் நிமிர்ந்து நிற்கத் தெம்பு வரும். சீர் குறைந்தால் பேச்சுவார்த்தை அறுந்துபோகும். அது மூன்று தலைமுறைக்கும் ஓடும். சொத்து அப்பன் வழியில் இறங்கினாலும், உறவின் வரவு செலவு எல்லாம் அம்மாவின் அண்ணன் தம்பி வழியாகத்தான் நடந்தது. பள்ளத்தாக்கில் சாதிக்குச் சாதி முறை மாறும். மாமன் இல்லாத முறை மட்டும் அபூர்வம்.

எழுபத்திரண்டு தாளைப் புரட்டினாலும் இந்த ஆளுக்கு ஜோடிப் படத்தில் இடம் கிடையாது. எங்கே நிற்க வைப்பது? கருவி பிடித்தவனுக்குப் பக்கத்தில் அவன் மச்சானையும் நிறுத்தினால், 'இதில் யார் புருஷன்?' என்று வாங்குகிறவர் குழம்பிவிடுவார். அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் இடம் இல்லை. விதவைக்கு இல்லை; ஜோடியில் ஒன்று குறைந்தால் படமே இல்லை. இரண்டாம் தாரத்துக்கும் இல்லை. மதுரைச் சீமையின் சில சாதிகளில் ஊரார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்துக் கல்யாணத்தை முறித்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் எழுதியிருக்கிறார். முறித்துக்கொண்டவர்கள் மறுபடி கட்டிக்கொண்டதும் உண்டு. படத்தில் நிற்கும் ஜோடியோ என்றைக்கும் பிரியாமல் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, 'அந்தக் காலத்தில் பாருங்கள், ஒருவனுக்கு ஒருத்தி என்று எவ்வளவு கட்டுப்பாடாக வாழ்ந்தார்கள்' என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். தாளின் அகலத்தை ஒழுக்கத்தின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள்!

நம் சனம் தங்களுக்காகத் தாங்களே செய்துகொண்ட உருவங்களைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். தேனி, போடி, ஆண்டிபட்டிப் பக்கத்தில் கம்பளத்து நாயக்கர்கள் கும்பிடும் மாலைக்கோயில்கள் இருக்கின்றன. போரிலோ வேட்டையிலோ செத்தவனுக்கும், அவனோடு தீயில் இறங்கிய மனைவிக்கும் நட்ட கற்கள். நாயக்கர் காலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை இந்தக் கற்கள் நடப்பட்டன. கொண்டையைப் பக்கவாட்டில் சாய்த்து முடிந்த வீரன் ஆயுதத்தோடு நிற்பான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருக்கலாம், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் இருக்கலாம். கை கும்பிட்டிருக்கும், அல்லது ஒரு பூவைப் பிடித்திருக்கும். செதுக்கிய ஆசாரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்ததை மறைக்கவேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பேரும் தெய்வம், இரண்டு பேருக்கும் பொங்கல். உடன்கட்டையைக் கம்பெனி அரசு வங்காளத்தில் 1829இலும் சென்னை மாகாணத்தில் 1830இலும் தடை செய்தது. மதுரை வாத்தியார் படம் தொகுத்தது அதற்கு ஏழு வருஷம் கழித்து. அப்போதும் அந்தக் கற்களுக்கு முன்னால் வழிபாடு நடந்துகொண்டுதான் இருந்தது. துரைக்குக் காட்டிய குடும்பம் வேறு, சாமிக்குக் காட்டிய குடும்பம் வேறு.

இவ்வளவு சொன்னதால் அந்த 72 படங்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். உறவைச் சொல்லத் தெரியாத ஓவியருக்கு உடம்பைச் சொல்லத் தெரியும். கண்ணுக்கு எதிரே நிற்கும் துணியையும் நகையையும் அவர் கவனமாகப் பார்த்திருக்கிறார். மேல்நாட்டுப் பாணி நம் உடுப்பில் நுழைவதற்கு முன்பு மதுரைப் பக்கத்து ஆணும் பெண்ணும் எதை எப்படிக் கட்டினார்கள், எதைப் பூட்டினார்கள் என்பதற்கு இந்தத் தொகுப்பைவிட நல்ல சாட்சி குறைவு. தெற்கத்திக் கம்பெனிப் படங்களில் பல பெண்களுக்கு ரவிக்கை இல்லை. சேலையின் முந்தி எந்தத் தோளில் விழுகிறது, கொசுவம் முன்னாலா பின்னாலா என்பதையெல்லாம் பார்த்து அவள் எந்த வீட்டுப் பெண் என்று அந்தக் காலத்து ஆள் சொல்லிவிடுவார். காது வளர்த்துத் தோளைத் தொடும் மடலில் ஆடும் நகையைப் பாருங்கள். நம் ஊர்களில் தண்டட்டி போட்ட அம்மாச்சிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காது அந்நியமாக இருக்காது. ஒரு பெண் குழந்தைக்குக் காதில் ஓட்டை போட்டு, பஞ்சு திணித்து, ஓலைச் சுருள் வைத்து, ஈயக் குணுக்கு மாட்டி இழுக்க வைப்பது வருஷக்கணக்கான வேலை. அந்தக் காது நீளத்தில் அவளைப் பெற்றவர்களின் செல்லமும் வசதியும் தெரியும். படத்தில் அது வெறும் நகை போலத் தெரிந்தாலும், அதற்குள் ஒரு முழு வளர்ப்பு இருக்கிறது.

துணியை வேடிக்கை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததே போதும். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டதற்காக அடி வாங்கினார்கள். சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுக் கலகத்துக்குப் பிறகு 1859 ஜூலையில்தான் மகாராஜா உத்தரம் திருநாள் இறங்கிவந்து பிரகடனம் வெளியிட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். அதற்கு முந்தைய படம் ஒன்றில் ஒரு பெண் திறந்த தோளோடு நின்றால், 'அந்தக் காலத்து எளிமை' என்று உருகுவதற்கு முன், அவளுக்கு மூட அனுமதி இருந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டதால் அங்கேயே இன்னொரு படத்தையும் பார்த்துவிடலாம். அல்லிநகரத்திலிருந்து குமுளி 60 கிலோமீட்டர் சொச்சம். அந்த மேட்டைத் தாண்டினால் அன்றைய திருவிதாங்கூர். குடும்பச் சட்டமே தலைகீழ். மருமக்கத்தாயக் குடும்பங்களில் சொத்து தாய்வழித் தறவாட்டுக்கு. நிர்வாகம் காரணவர் கையில். காரணவர் என்றால் பெரும்பாலும் அம்மாவின் அண்ணன். பிள்ளைக்கு அப்பா என்பவர் வந்து போகும் மனிதர். நம் பக்கம் சீரோடும் உரிமையோடும் நின்ற தாய்மாமன், அந்தப் பக்கம் வீட்டுக்கே எஜமான்.

கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மா வளர்ந்தது இந்த முறையில். அவருடைய ஓவியத்துக்கு மதுரைத் தொடர்பு உண்டு என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரம் அரண்மனையில் இருந்த ஓவியர் மதுரை அழகிரி நாயுடு. அவரிடம் கற்றவர் ரவிவர்மாவின் மாமா ராஜராஜவர்மா. மருமகன் சுவரில் கரியால் கிறுக்கியதைப் பார்த்துத் தூரிகையைக் கையில் கொடுத்ததும் அந்த மாமாதான். ஆகப் புகழ்பெற்ற நம் ஓவியரை உருவாக்கியதே ஒரு தாய்மாமன். 1866இல் ரவிவர்மா மாவேலிக்கரை அரச குடும்பத்தில் பெண் எடுத்தார். பிறந்த பிள்ளைகள் முறைப்படி மாவேலிக்கரையைச் சேர்ந்தவர்கள். கிளிமானூரைச் சேர்ந்தவர்கள் இல்லை.

1893இல் அவர் தன் மகள் மகாபிரபாவை மாடலாக வைத்து எண்ணெய் வண்ணத்தில் ஒரு படம் வரைந்தார். ஆங்கிலத்தில் 'தேர் கம்ஸ் பப்பா' என்று பெயர். அதோ அப்பா வருகிறார். கேரள முறையில் வெள்ளை உடுத்திய இளம் தாய் நின்றுகொண்டிருக்கிறாள். கையில் அவள் மகன். இரண்டு பேருடைய பார்வையும் இடது பக்கம், சட்டத்துக்கு வெளியே போகிறது. அங்கிருந்து அப்பா வரப்போகிறார். படத்தில் அவர் இல்லை. ஆனால் படம் முழுக்க அவருக்காகவே காத்திருக்கிறது. நம் மதுரை வாத்தியாரின் தாளில் புருஷன் நின்று கருவியைக் காட்ட வேண்டியிருந்தது. ரவிவர்மாவுக்கு அவனை வரையவே வேண்டியிருக்கவில்லை. பெண்டாட்டி பிள்ளையின் கண்ணை ஒரே திசையில் திருப்பியதிலேயே அவனை வீட்டுத் தலைவன் ஆக்கிவிட்டார்.

மருமக்கத்தாயத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை வாசலைப் பார்த்து யாருக்காகக் காத்திருந்திருக்கும் என்று யோசித்தால்தான் இந்தப் படத்தின் துணிச்சல் தெரியும். அப்போது சுற்றிலும் நடந்துகொண்டிருந்ததும் இதே வழக்குத்தான். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில் நாயர் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்று படித்த இளைஞர்கள் கேட்க, 1891இல் டி. முத்துசாமி ஐயர் தலைமையில் கமிஷன் உட்கார்ந்தது. 1896இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டவர்கள் சொற்பம். திருவிதாங்கூர் இன்னும் தாமதம். அங்கே நாயர் சட்டங்கள் 1912லும் 1925லும்தான். சட்டம் தடுமாறிக்கொண்டிருந்த இடத்தில் ஓவியம் முன்னாலேயே போய்க் குடியேறிவிட்டது. கேரளத்தில் தாய்வழி முறை குலைந்த கதையை எழுதிய வரலாற்றாசிரியர் ஜி. அருணிமா, 2003இல் வந்த தன் புத்தகத்துக்கு இந்தப் படத்தின் பெயரையே வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. மகாபிரபாவைப் படத்தில் அப்பனுக்காகக் காத்திருக்கும் தாயாக வரைந்த ரவிவர்மாவின் குடும்பத்துக்கு, நிஜ வாழ்க்கையில் பெரிய ஏற்றம் வந்தது தாய்வழி முறையால்தான். திருவிதாங்கூர் அரச வம்சத்தில் பெண் வாரிசு இல்லாமல் போனபோது, 1900இல் மகாபிரபாவின் மகள் சேது லட்சுமி பாயும், மகாபிரபாவின் தங்கை உமாவின் மகள் சேது பார்வதி பாயும் தத்துப்போனார்கள். அப்பா வழியாக அல்ல, அம்மா வழியாகத்தான் அந்தக் குழந்தைகள் ராணிகள் ஆனார்கள்.

ரவிவர்மாவுக்கு இந்த அப்பா எங்கிருந்து கிடைத்தார்? அன்றைய இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் அவர் நிறையவே இருந்தார். உதாரணத்துக்கு ஜார்ஜ் எல்கர் ஹிக்ஸ் 1863இல் காட்சிக்கு வைத்த, பெண்ணின் கடமையைப் பற்றிய மூன்று படங்கள். குழந்தைக்கு வழிகாட்டி, கணவனுக்குத் துணை, முதுமைக்கு ஆறுதல் என்று வரிசை. நடுப்படத்தில் காலை உணவு மேஜை தயாராக இருக்கிறது. கறுப்பு ஓரம் போட்ட சாவுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணவன் கணப்பில் சாய்ந்து கண்ணை மறைக்கிறான். மனைவி அவன் மேல் சாய்ந்து தேற்றுகிறாள். யார் செத்தார் என்பது முக்கியமில்லை. யார் யாரைத் தேற்ற வேண்டும் என்பதுதான் படம். அப்படித் தேற்றிய ஆங்கிலேய மனைவிக்குத் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1870, 1882 சட்டங்கள் வரும்வரை இல்லை. திருவிதாங்கூர் தறவாட்டுப் பெண்ணுக்கோ குடும்பச் சொத்தில் பிறப்பிலேயே பங்கு. இரண்டில் எது முன்னேறிய குடும்பம் என்று அன்றைய பத்திரிகைகள் தீர்ப்பு எழுதியபோது சொத்தைப் பார்க்கவில்லை, மேஜையைத்தான் பார்த்தன.

1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு ரவிவர்மாவின் படங்கள் லித்தோ அச்சில் சாதாரண வீடுகளுக்கும் வந்தன. லட்சுமியும் சரஸ்வதியும் அப்படித்தான் நம் பூஜை அறைக்கு வந்தார்கள். அதற்குப் பின்னால் ஸ்டூடியோ கேமரா. லினியஸ் டிரைப் 1858இல் மதுரையைப் புகைப்படம் எடுத்தபோது மண்டபமும் கோபுரமும்தான் அவருக்குப் பிடிபட்டன. நீண்ட நேரம் அசையாமல் நின்றால்தான் ஆள் பதிவான். கேமரா வேகம் கூடியதும் குடும்பங்கள் நாற்காலியைத் தேடின. தேனிப் பக்கத்துப் பழைய வீடுகளில் நிலைக்கு மேல் சாய்த்து மாட்டிய படங்கள் உங்களிடம் இருந்தால் இறக்கித் துடைத்துப் பாருங்கள். புருஷன் உட்கார்ந்திருப்பான், பெண்டாட்டி நின்றிருப்பாள். காலம் நகர நகர இரண்டு பேரும் உட்காருவார்கள். பின்னால் படுதாவில் யாரும் போகாத ஒரு பங்களா. பெண்ணின் கை நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்திருக்கும். மதுரை வாத்தியாரின் ஜோடி இங்கே கண்ணாடிக்குள் வந்துவிட்டது. இப்போது காசு கொடுத்தவர் துரை இல்லை, நாம். இருந்தும் அச்சு அதேதான்: பெரும்பாலும் ஜோடி, மிஞ்சினால் பிள்ளைகள்.

தாய்மாமன் எப்போது படத்துக்குள் வந்தார் என்று கேட்டால், என் கணக்கில் அதற்கு அல்லிநகரத்துக்காரர் ஒருவர்தான் பதில். ரவிவர்மாவின் படத்துக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1993இல், அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 'கிழக்குச் சீமையிலே' திரைப்படத்தை எடுத்தார். கதை ரத்னகுமார். விஜயகுமார் அண்ணன் மாயாண்டியாகவும், ராதிகா தங்கை விருமாயியாகவும் நடித்தார்கள். நெப்போலியன் அவள் புருஷன். தாய்மாமன் சீரை ஒரு முழுப் பாட்டாகவே எடுத்து வைத்தார்கள். கொட்டும் கிடாயும் தட்டுமாக மாமன் வீட்டார் வருவதைத் திரை நிறையக் காட்டியபோது தேனி, உசிலம்பட்டித் தியேட்டர்களில் பெண்கள் ஏன் அழுதார்கள் என்று பட்டணத்து விமர்சகர்களுக்கு விளங்கியிருக்காது. அந்தப் படத்தில் புருஷனுக்கு வெளிச்சம் குறைவு. அவன் கோபக்காரன், கேட்பார் பேச்சு கேட்கிறவன்; அண்ணன்தான் உயரமாக நிற்கிறான். கம்பெனி ஓவியன் மச்சானை வெளியே தள்ளினான் என்றால், இங்கே தள்ளப்பட்டது புருஷன்.

விருமாயிக்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் வசதி இல்லை. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே இழுபட்டு, கடைசியில் அண்ணனுக்கும் புருஷனுக்கும் இடையில் விழுந்து உயிரை விடுகிறாள்.

அடுத்த பகுதியில், 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்த கதை.

(தொடரும்)